பிலோமினா சாளை தின்பதில்லை

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் ஆடும், இந்தப் பெஞ்சில் உட்காருங்கள். பையில் என்ன, கோழியா? சேவலா. சரி, தலை நீட்டிக்கொண்டிருக்கிற பக்கத்தை மட்டும் அந்தப்புறமாகத் திருப்பி வையுங்கள். என் கூடையில் இருப்பது பூனை. வயிற்றில் தையல் போட்ட பூனைதான். இருந்தாலும் பூனை பூனைதானே.

டோக்கன் வாங்கிவிட்டீர்களா? வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள். பெரிய நாயோடு வருகிறவன் நேரே உள்ளே போவான். கேட்டால், "நாயி வெளிய நின்னா மத்ததுக பயப்படும்லாம்மா" என்பாள் அந்த மேசைக்காரப் பெண். பிரமாதமான நியாயம். கடிக்கிறவனுக்கு முதல் மரியாதை. நாகர்கோவிலில் மனிதர்களுக்கும் இதே சட்டம்தான், அது வேறு விஷயம்.

எனக்கு ஒன்றும் அவசரமில்லை. படம் எடுத்துவிட்டார்கள், நெஞ்சு எக்ஸ்ரே. கட்டியை அறுத்து எடுத்தாயிற்று, அது நெஞ்சுக்குப் பரவியிருக்கிறதா இல்லையா என்று டாக்டர் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு படத்தைப் பார்க்க ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் அவர் கல்யாண ஆல்பத்தையே இதைவிட வேகமாகப் பார்த்து முடித்துவிடுவார்.

பெயர் பிலோமினா. சிரிக்காதீர்கள். கான்வென்டில் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் மதர் பிலோமினா. வெள்ளை முகம், சுற்றிக் கறுப்பு முக்காடு, "நீ செய்தது எனக்குத் தெரியும், நீயாகச் சொல்கிறாயா?" என்று ஒரு பார்வை. இந்தக் குட்டி எங்கள் வாழையடியில் மழையில் நனைந்து உட்கார்ந்துகொண்டு அதே முக்காட்டோடு அதே பார்வை பார்த்தது. நான் எழுந்து நின்று குட் மார்னிங் சொல்லாததுதான் பாக்கி. வேறு என்ன பெயர் வைப்பது?

வளர்த்த வளர்ப்பைப் பற்றி என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பிலோமினா தின்பது நெய்மீன். அதுவும் நடுத்துண்டு. முள் எடுத்து, மஞ்சள் போடாமல் வேகவைத்து, ஆறவைத்து, பீங்கான் தட்டில். நெய்மீன் வராத நாளில் சூரை. சுறா கிடைத்தால் புட்டு. பிள்ளை பெற்ற பெண்களுக்குச் செய்து கொடுப்போமே, அதே புட்டு. இவள் பெறவில்லை என்பதற்காக இவளுக்குக் கிடையாதா? எங்கள் வீட்டில் அவர் ஒருநாள் தன் தட்டையும் பூனையின் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அடுத்த ஜென்மத்துல இந்த வீட்டுலயே பூனையாப் பொறக்கணும்" என்றார். கத்தோலிக்கர் பேசுகிற பேச்சா அது என்று கேட்டேன். கீரையைத் தின்றார்.

சாளை, அதுதான் மத்தி, எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. சாளையை நான் குறை சொல்லவில்லை, அதையும் கடவுள்தான் படைத்தார், அவருக்கு ஏதோ யோசனை இருந்திருக்கும். ஆனால் பொரித்தால் திரைச்சீலையில் ஒட்டும், தலைமுடியில் ஒட்டும், மறுநாள் பூசையில் பக்கத்துப் பெஞ்சுக்காரி மூக்கைச் சுருக்குவாள். மீன்காரிக்கு இது தெரியும். கூடையை இறக்கும்போதே சாளையை ஓலையால் மூடிவிட்டு, "அம்மாவுக்கு அடியில இருக்கு" என்பாள். அந்த மரியாதை இருந்தது ஒரு காலத்தில்.

பிறகுதான் பக்கத்து வீட்டுக்குத் தங்கபாய் வந்தாள்.

புருஷன் துபாயில். இவள் வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறாள். நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் சந்தைக்குப் போவாள். போகட்டும், நமக்கென்ன. அவளும் ஒரு பூனை வைத்திருந்தாள். வால் பாதி இல்லாத பூனை, மொட்டையன் என்று பெயர். பெயர் என்ன பெயர், "லேய்" என்பாள், அதுவும் வரும். அதற்குத் தீனி சாளைத் தலை. நசுங்கிப்போன ஓர் அலுமினியத் தட்டில் போட்டு, எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு அடியிலேயே கொண்டுவந்து வைப்பாள்.

ஒருநாள் பிலோமினாவைக் காணோம். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தால், மொட்டையன் ஓரமாக நின்றுகொண்டிருக்கிறான், இவள் தட்டில் தலையை விட்டிருக்கிறாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மீசை முழுக்கச் செதில். கான்வென்ட் வளர்ப்பு ஒரு சுவர் உயரம்தான் தாக்குப்பிடித்தது.

நான் சண்டைக்காரி இல்லை. பக்குவமாகத்தான் சொன்னேன்.

"தங்கபாய், அந்தத் தட்டை அங்கிட்டு மாத்தி வச்சா கொள்ளாம்."

"எதுக்கு அக்கா?"

"எங்க பிலோமினா சாளை திங்கமாட்டா."

"தின்னுட்டுல்லா இருக்கா. அந்தா."

"அது திங்கல்ல. மணம் பிடிச்சுப் பாக்குது."

அவள் பூனையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி அக்கா" என்றாள். எதற்கெடுத்தாலும் சரி அக்கா. இப்படிப்பட்டவர்களோடு சண்டையும் போட முடியாது, சமாதானமும் ஆக முடியாது. நான் ஆள் வைத்துச் சுவர் நீளத்துக்கும் மீன்வலை கட்டினேன். எங்கள் வீட்டில் அவர், "மீனு உள்ள வராம இருக்கவா?" என்று கேட்டார்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை சீப்பால் வாரும்போது வயிற்றில் விரலுக்குத் தட்டுப்பட்டது. பட்டாணி மாதிரி. உருட்டிப் பார்த்தேன், நகர்ந்தது. இதே டாக்டர் ஜெயசிங்தான், ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, கேன்சர் என்றார். மாரில்.

"பூனைக்கா?" என்றேன்.

"பூனைக்கும் வரும்மா. மாருன்னு இருந்தா வரும்."

அன்றைக்கு நான் அழவில்லை. வீட்டில் வெங்காயம் நிறைய இருந்தது, உரித்தேன். இருந்ததை எல்லாம் உரித்தேன். எங்கள் வீட்டில் அவர் வந்து அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, "பிரியாணியா?" என்றார். ஆண்களுக்கு அவ்வளவுதான் கண் தெரியும்.

காரணம் யார் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெருவில் நாலு பேர் நிற்கும்போதே கேட்டேன். "கண்ட அழுகல் மீனைக் கொண்டுவந்து எஞ் சுவருல வச்சு எம்பூனைக்குக் கேன்சரை வரவச்சுட்டிய, இப்ப சந்தோசமா?" என்று கேட்டேன். தங்கபாய் கையில் தைக்கிற துணியோடு நின்றாள். ஊசி அப்படியே துணியில் குத்தி நின்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இதற்கிடையில் கால்நடைக் கல்லூரியிலிருந்து மெர்லின் என்று ஒரு பெண் வந்தாள். கேன்சர் வந்த பூனைகளின் முடியையும், வராத பூனைகளின் முடியையும் கத்தரித்துக்கொண்டு போய் ஏதோ ஆராய்ச்சி. பூனை நாள் முழுக்கத் தன்னை நக்குகிறது, தரையில் கிடக்கிற தூசி எல்லாம் அதன் வயிற்றுக்குள் போகிறது, தின்கிறதும் குடிக்கிறதும் முடியில் வந்து சேருகிறது, அதனால் முடியைப் பார்த்தால் ஹெவி மெட்டல் எவ்வளவு என்று தெரியும் என்றாள். ஈயம், காட்மியம், பாதரசம்.

"எங்க வீட்டுத் தரையில தூசியா?" என்றேன்.

"பொதுவாச் சொன்னேன் ஆன்ட்டி" என்றாள். பிள்ளை நல்ல பிள்ளை, கொஞ்சம் பயந்த சுபாவம். நான் பேசும்போது பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தாள்.

ஆனால் ஹெவி மெட்டல் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. அந்தத் தட்டு.

"அலுமினியம்மா" என்றேன். "அதுதான். அவ வீட்டு அலுமினியத் தட்டு."

"அலுமினியம் லைட் மெட்டல் ஆன்ட்டி."

"நீ அவ தட்டைத் தூக்கிப் பாக்கல்ல. நல்ல கனம்."

விடவில்லை நான். பக்கத்து வீட்டுப் பூனையின் முடியையும் எடுத்தால்தான் பிலோமினாவின் முடியைத் தருவேன் என்று சொல்லிவிட்டேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாமா? தங்கபாய் மறுக்கவும் இல்லை. மொட்டையனை மடியில் போட்டுக்கொண்டு, "எங்களால அவளுக்கு ஏதும் வந்திருந்தா அது எனக்கும் தெரியணும்லா" என்று சொல்லி, வெட்டுவதற்கு வாகாகப் பிடித்துக்கொடுத்தாள். நடிப்பு என்று அப்போது நினைத்தேன். இப்போது என்ன நினைக்கிறேன் என்பது இருக்கட்டும்.

முடிவு சொல்ல மெர்லின் டாக்டரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தனியாக வர பயம் போலிருக்கிறது. இரண்டு பூனைக்கும் ஈயம் ஒன்றும் பெரிதாக இல்லை, காட்மியமும் இல்லை. பாதரசம் மட்டும் பிலோமினாவுக்கு மொட்டையனைப்போலப் பல மடங்கு.

"பாதரசமா? எங்க வீட்டுல தெர்மாமீட்டர்கூட டிஜிட்டல்" என்றேன்.

தனிம அட்டவணை எனக்கு இன்றைக்கும் தலைகீழாக வரும், கேட்டுப் பாருங்கள். பாதரசம், அணு எண் எண்பது, அறை வெப்பத்தில் திரவம். சயின்ஸில் நான்தான் முதல். அது மீனுக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் என்று சிஸ்டர் சொல்லித் தரவில்லை. மெர்லின் சொல்லித் தந்தாள். கடலில் கலக்கிற பாதரசத்தைச் சின்னப் பூச்சி தின்னுமாம், அதைச் சாளை தின்னுமாம், ஆயிரம் சாளையைச் சூரை தின்னுமாம், அதையும் சுறா தின்னுமாம். யார் வயிற்றிலிருந்தும் அது லேசில் இறங்கிப் போகாதாம். மீன் பெரிதாகப் பெரிதாக, வயது கூடக் கூட, சேர்த்துவைத்துக்கொண்டே போகுமாம். சாளை பாவம் சின்னது, சீக்கிரம் செத்துவிடுகிறது, சேர்ப்பதற்கு நேரமில்லை.

அதாவது நல்ல மீனில் விஷம், நாற்ற மீனில் ஒன்றுமில்லை. இது ஒரு நியாயமா?

டாக்டர் நியாயமான மனுஷர். "கட்டி வந்தது இதனாலதான்னு நான் சொல்லமாட்டேன்மா. அதுக்கு நூறு காரணம் இருக்கும், ஆராய்ச்சியும் இன்னும் முடியல்ல. ஆனா இனிமே பெரிய மீன் வேண்டாம். குடுக்கணும்னா சின்ன மீனா, அளவாக் குடுங்க" என்றார். கேட்டீர்களா? இதனால் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். பாதி வாக்கியத்தில் நிறுத்தியிருக்கலாம், அது அவருக்குத் தெரியவில்லை.

"மொட்டையனுக்கு உடம்புல முடியே கொஞ்சம்தானே" என்றும் சொல்லிப் பார்த்தேன். மெர்லின் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் காப்பியைக் குடித்தார்.

அப்புறம் ஆபரேஷன். அது நன்றாகத்தான் முடிந்தது. வீட்டுக்கு வந்தவள் கட்டிலுக்கு அடியில் போனாள், வரவில்லை. தின்னவில்லை. பூனை பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுப்போகும், எதையாவது தின்ன வையுங்கள், இல்லையென்றால் ஆபரேஷன் செய்து பிரயோஜனமில்லை என்றார் டாக்டர். நான் செய்யாதது ஒன்றில்லை. கோழியை வேகவைத்தேன், முட்டை மஞ்சளை நெய்யில் குழைத்தேன், வெளிநாட்டுப் பூனை படம் போட்ட டப்பா வாங்கினேன், கைக்குழந்தைக்குக் கொடுக்கிற சத்துமாவுகூடக் கரைத்தேன். நெய்மீனும் ஒரே ஒரு துணுக்கு, வாசனைக்குத்தான், டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மதர் பிலோமினா கோபம் வந்தால் அப்படித்தான் திருப்புவார். எங்கள் வீட்டில் அவர் தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு, அவளுக்குக் கேட்கும்படி ஜெபமாலை சொன்னார்.

வெளியே வந்து, "சாளை வாங்கட்டா?" என்றார்.

"எந்த முகத்தை வச்சிட்டு?" என்றேன். மீன்காரியிடம் கேட்டால் அவள் ஓலையை விலக்குவதற்குள் தெருக்கோடிக்குச் செய்தி போய்விடும். தங்கபாயிடம் கேட்பதா? தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்ட கேள்விக்குப் பிறகு? அதற்கு நான் வேறு பூனை வளர்ப்பேன்.

இல்லை. அப்படிச் சொல்லக்கூடாது. வேறு பூனை வளர்க்கமாட்டேன்.

வலை அழுக்காயிருந்தது. காக்கை எச்சம், வாழைச்சருகு, பார்க்கவே சகிக்கவில்லை. அதனால் கழற்றினேன். துவைக்கத்தான். என்ன பார்க்கிறீர்கள், நீங்கள் வலையெல்லாம் துவைப்பதில்லையா? கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். அந்தப் பக்கம் தங்கபாயின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் கேட் திறக்கிற சத்தம். கையில் தட்டோடு நிற்கிறாள்.

"அக்கா, இன்னைக்குச் சாளை மிஞ்சிப்போச்சு. மொட்டையனுக்கு வயிறு சரியில்ல, திங்கமாட்டேங்கான். கொட்டவும் மனசு வரல்ல."

மொட்டையன் அவள் காலடியில் நின்று தட்டையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"வச்சிட்டுப் போங்க. திங்குமோ என்னவோ" என்றேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து முதலில் மூக்கு வந்தது. அப்புறம் முக்காடு. அப்புறம் நடக்க முடியாமல் நடந்து முழுப் பூனையும் வந்தது. தின்றாள். தலையோடு தின்றாள். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். வெங்காயம் கிடந்தது.

அன்றையிலிருந்து தினமும் சாளை மிஞ்சுகிறது. அந்த மொட்டையனுக்குப் பாவம் இன்னும் வயிறு சரியாகவில்லை. ஒருநாள் இங்கே கொண்டுவந்து காட்டு என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அலட்சியமாக இருக்கிறாள். பார்க்க நன்றாகத்தான் கொழுத்திருக்கிறான், ஆனால் உள்ளே என்னவோ.

இதில் போன வாரம் ஒரு வேடிக்கை. தங்கபாய் வீட்டு வாசலில் மீன்காரி உட்கார்ந்து நெய்மீன் அறுக்கிறாள். பார்த்ததும் எனக்குப் பயம். என்னைப் பார்த்துக் கெட்டுப்போகிறாள், மொட்டையனுக்குப் பெரிய மீன் போடப் போகிறாள் என்று. சொல்லித்தானே ஆக வேண்டும்? ஆனால் எப்படிச் சொல்வது? பாதரசம் என்று சொன்னால், யார் முடியில் என்று சொல்ல வேண்டும். யார் முடியில் என்று சொன்னால், தெருவில் கேட்டது எதற்கு என்று வரும். நான் யோசித்துப் பார்த்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். திட்டினேன்.

"பூனைக்கு நெய்மீன் போடுக அளவுக்கு ஆயாச்சா? எல்லாருக்கும் எல்லாம் ஒத்துக்கிடுமா? கெடக்கிறதைப் போட்டு வளத்தாப் போதும்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. மீனைப் பாத்திரத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டே, "பூனைக்கு இல்லக்கா. உங்க வீட்டு அண்ணனுக்கு. நீங்க இப்ப நெய்மீன் வாங்குகதே இல்லன்னு அவிய சுவருல சாஞ்சு நின்னு வருத்தப்பட்டாவ" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு. அவளே சொன்னாள்.

"பாதரசம் எனக்கும் தெரியும். அந்தப் பிள்ளை அன்னைக்கே எங்கிட்டயும் வந்து சொல்லிட்டுத்தானே போச்சு. மனுஷருக்கு எப்பமாவது ஒரு துண்டு ஒண்ணும் செய்யாதாம்."

அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டே தினமும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், ஒரு வார்த்தை வெளியே விடாமல். தெருவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. எவ்வளவு அழுத்தக்காரி பாருங்கள். நானாக இருந்தால் முதல் நாளே சொல்லிக்காட்டியிருப்பேன். எனக்கு மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது, வெள்ளை மனசு.

குரலைத் தாழ்த்துங்கள், அதோ வருகிறாள். நைட்டியில் இல்லை, இன்றைக்குச் சேலை. அவள் ஸ்கூட்டரில்தான் வந்தோம். கூடையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு குழிக்கும் சேசுவே மரியே என்று. சந்தை வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று போனாள். பையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை, மணமே சொல்கிறது.

கூப்பிடுகிறார்கள். பிலோமினா என்றா சொன்னார்கள்? எங்கள் பிலோமினாவைத்தான்.

தங்கபாய், நீ கூடையை எடுத்துட்டுப் போ. எனக்குக் கால் மரத்துப்போச்சு. இல்ல, பிடிச்செல்லாம் தூக்க வேண்டாம், நீ போயிட்டு வா. டாக்டர் சொல்லுகதை அப்படியே கேட்டுட்டு வந்து சொல்லு. கூட்டிக் குறைச்சுச் சொல்லாத. எனக்காகப் பாத்துச் சொல்லாத, கேட்டியா.

போய்விட்டாள். உங்கள் சேவலுக்கு என்ன, நான் கேட்கவே இல்லையே. கண் வீங்கியிருக்கிறதா? எப்போதிருந்து? வேண்டாம், இப்போது சொல்லாதீர்கள், கதவு திறக்கிற சத்தம் கேட்காது.

ஒரு படம். ஒரு படத்தைப் பார்க்க இவ்வளவு நேரம்.

என்னட்டி? கேக்கல்ல. அந்த நாயை யாராவது வாயை மூடச் சொல்லுங்க. ஒண்ணுமில்லியா? நெஞ்சுல ஒண்ணுமில்லியா? சரியாக் கேட்டியா, அவரு வாயால சொன்னாரா? மூணு மாசம் கழிச்சு ஒருக்காக் காட்டணும், அதுதானே, காட்டுவோம். சரி. சரி, அதுக்கு நீ எதுக்குட்டி அழுவுக? இத்தனை பேரு இருக்காவ, மூக்கைத் துடை.

இன்னும் என்ன கேக்காரு? என்ன தீனி போடுகோம்னா? அதை நீயே சொல்லேன். என் வாயால சொல்லணுமாமா? அந்த மனுஷருக்கு ரொம்பத்தான்.

சாளை. சாளைன்னு சொல்லு. தலையோட திங்கான்னு சொல்லு. தங்கபாய் வீட்டுச் சாளைன்னு சொல்லு, கேக்கட்டும்.

நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அம்மா. சேவலை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் காலையிலிருந்து நிற்கிறாள், வந்து உட்காரட்டும்.